இடது மூலையில் நீ நின்ற இடம்

கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே என்னோடு காலம் தள்ளிய என் அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

எனக்கு எழுத்து தெரியாது. அது உனக்குத் தெரியும், இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நான் வாயால் சொல்லச் சொல்ல, உன் மகள் செல்வி எழுதுகிறாள். அங்கன்வாடி வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறாள். என் பேச்சைக் கொஞ்சம் சீர் செய்து போடுகிறாள். சேதி என்னுடையது.

மாசி வந்தால் நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். நம் கபடி டீம் பசங்கள் உன் பேரில் ஒரு ஆட்டம் வைக்கிறார்கள். கூடவே ஒரு சின்ன மலர் அச்சடிக்கிறார்களாம். "தாத்தா, நீங்க ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்று வந்து நின்றார்கள். உன்னிடம் நான் எந்தக் காலத்தில் இரண்டு வார்த்தையோடு நிறுத்தியிருக்கிறேன்?

ஊர் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. ஏரி ரொம்பி வழிந்தது. கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் பாதிக் கழனி இன்னும் நிற்கிறது. உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி பச்சையம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்தியாகிவிட்டது, வாய் மட்டும் கம்மியாகவில்லை. ஆனால் நீ கேட்கப்போவது இதையெல்லாம் இல்லை. "டீம் இன்னா ஆச்சு மாப்ள?" என்றுதான் கேட்பாய்.

டீம் நன்றாக இல்லை, மச்சான். நீ போன பிறகு ரிஷிவந்தியத்துப் பக்கம் பங்குனியில் ஆடியதிலிருந்து மார்கழி வரைக்கும் ஆறு ஆட்டம். ஆறும் போச்சு. மூன்று பேரை எதிர்ப் பக்கம் பாடிப் போக அனுப்பினோம், மூன்று பேரையும் மாற்றி மாற்றி வெளியே உட்கார வைத்தோம். டீக்கடையில் ஓயாமல் அதே பேச்சு. ஒரு நாள் பேச்சை அப்படியே சொல்கிறேன், உனக்குச் சிரிப்பு வரும்.

"சக்திக்கு மூச்சு நிக்கல. அவன உட்கார வெச்சது சரிதான்."

"அவனுக்குப் பதிலா எறங்கன விஜி மட்டும் இன்னா கிழிச்சான்? கோட்டத் தாண்டன ஒடனே போய் மாட்டிக்கினான்."

"அப்ப அருள எறக்கு."

"அருளா? அவன் தலமுடி கலையாம ஆடறவன்யா. அவன எறக்கறதுக்கு அங்க ஒரு கம்பம் நட்டு வெய்யி, அதுவாவது அசையாம நிக்கும்."

பஞ்சர் கடை சேகர் என் பக்கம் திரும்பி, "பெரியவரு சொல்லட்டும்பா, அவருக்குத்தான் எல்லாம் மனசுல இருக்குது" என்றான். நானும் சொன்னேன். நீ கடைசியாகப் பார்த்த உளுந்தூர்பேட்டை ஆட்டத்தில் சக்தி எத்தனை முறை பாடிப் போனான், எதில் மாட்டினான், எந்த ஆள் எந்தக் காலைப் பிடித்தான், ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவன் பாடிப் போன நேரத்தில் நம் பக்கம் எத்தனை பேர் மிச்சம் நின்றார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சக்தி யாரோ இல்லை. உன் பேரன். இதை எழுதுகிற செல்வி பெற்ற பிள்ளை. அவனை முதலில் உட்கார வைக்கச் சொன்னது நான்தான்.

இந்த இடத்தில் செல்வி பேனாவை வைத்துவிட்டாள்.

"எழுதும்மா" என்றேன்.

"எழுதறேன் மாமா. இதுவும் மலர்ல வரணுமா?"

"இது வராம வேற எது வந்து இன்னா ஆவப்போவுது?"

தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறாள்.

நாம் நின்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நாற்பது வருஷமாக எந்த ஆட்டத்திலும் நாம் இருவரும் சேர்ந்து நின்றது கிடையாது. நம் ஆட்கள் நிற்கிற பாதிக்கு இடது மூலையில், கோட்டுக்கு வெளியே நீ. வலது பக்கம், ஸ்கோர் எழுதுகிற மேசையை ஒட்டி நான். ஒரே ஆள் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது என்று நீ வைத்த ஏற்பாடு அது. பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போது நாமும் மாறிக்கொள்வோம். மைதானத்துக்குப் பின்னால் எதிரும் புதிருமாக வரும்போது என் பீடிக்கு உன் பீடியிலிருந்து நெருப்பு வாங்கிக்கொள்வேன். அந்த ஒரு நிமிஷத்தில் நீ இடது பக்கம் கண்டதைச் சொல்வாய், நான் வலது பக்கம் கண்டதைச் சொல்வேன். அதை வைத்துத்தான் யாரை எடுப்பது, யாரை இறக்குவது என்று பசங்களுக்குச் சொல்வோம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று ஊர் சொன்னதில் பாதி, உன் கண்ணால் பார்த்தது.

நம் இடது மூலையில் இரண்டு வருஷமாக நிற்பவன் என் பேரன் மணி. பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிக்கிற வேலை அவனுக்கு. வருகிறவன் உள்ளே காலைப் போட்டு, திரும்ப எடுக்கிற அந்த ஒரு கணத்தில் பிடிக்கவேண்டும். முந்தினால் அவன் தொட்டுவிட்டுப் போய்விடுவான். பிந்தினாலும் போய்விடுவான்.

நீ போவதற்கு ஒன்பது நாள் முன்னால், உளுந்தூர்பேட்டையில், பாதி ஆட்டத்தில் பீடிக்கு நெருப்பு வாங்க வந்தேன். நீ நெருப்பு கொடுக்கவில்லை.

"மாப்ள, மணிய உட்கார வெய்யி" என்றாய்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ. "என் பேரன் மேல ஒனக்கு இன்னா காண்டு? ஒம் பேரன ஊரு தோள்ல தூக்கினு ஆடணும், எம் பேரன் வெளிய குந்திகினு கை தட்டணுமா?" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். உன் பக்கம் போய்விட்டாய். அன்றைக்குத் தோற்றோம். பஸ்ஸில் நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன், நீ கடைசி சீட்டில். அதன் பிறகு எட்டு நாள் நீ டீக்கடைக்கு வந்த நேரம் நான் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் செல்வி வந்து வாசலில் நின்று, "மாமா, அப்பா எழுந்திருக்கல" என்றாள்.

உன்னைப் பாடையில் தூக்கும்போது நான் வலது பக்கம் முன்னால் போய் நின்றேன். பழக்கத்தில் கால் அங்கேதான் போனது.

அதன் பிறகு பங்குனி ஆட்டம். இடது மூலையில் உன் இடத்தில் யாரும் நிற்கவில்லை. யாரையாவது நிற்க வைக்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நான் என் இடத்தில் நின்று எப்போதும் போலச் சத்தம் போட்டேன். தோற்றோம். சித்திரையிலும் தோற்றோம். அன்றைக்கு சக்தி கடைசியாகப் பாடிப் போய் மாட்டியபோது நம் பக்கம் அவனோடு இரண்டே பேர். ஆட்டம் முடிந்ததும், "சக்தி கொஞ்ச நாளு உட்காரட்டும்" என்று நான் சொன்னேன். கோபத்தில் சொன்னேனா, உன் மேல் இருந்ததை அவன் மேல் காட்டினேனா, இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பாய். நீ இல்லாததால் எல்லாரும் தலையாட்டினார்கள்.

சக்தி முட்டியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மணியிடம் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து ஏரிக்கரை மைதானம் பக்கமே வரவில்லை.

உன் தங்கச்சி மட்டும் விடவில்லை. சோறு போடும்போதெல்லாம், "எங்கண்ணன் செத்தும் ஒங்கிட்ட ஏச்சு வாங்குது. பாடிப் போறவன மாத்திக்கினே இருக்கிறியே, பின்னால பொத்தலா கெடக்குதே, அத எப்ப பாக்கப்போற?" என்பாள். அவள் கபடி பார்த்ததே கிடையாது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எங்கண்ணன் இங்க ஒக்காந்து சொல்லிச்சே, நீ கேட்டாத்தான?" என்றாள்.

மார்கழியில் வெள்ளிமலைப் பசங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள், சும்மா பழகிப் பார்க்கிற ஆட்டத்துக்கு. மலைப் பசங்களுக்குத் தொடையில் பலம் அதிகம், மூச்சும் நிற்கும். நான் வழக்கம் போல மேசைப் பக்கம் போனேன். செல்வி வேலை விட்டு வருகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தாள்.

"மாமா, ஒரே ஒரு தபா அப்பா நிக்கற எடத்துல போய் நில்லுங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"எம் பையன உட்கார வெச்சீங்களே, நான் ஏதாவது கேட்டனா? இத மட்டும் கேக்கறேன்."

போனேன். மணியின் முதுகுக்குப் பின்னால், நாலடி தூரத்தில் நின்றேன். நாற்பது வருஷத்தில் நம் இடது மூலையை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

மலைப் பையன் ஒருவன் பாடிக்கொண்டு வந்தான். இந்தப் பக்கமாக நகர்ந்தான். என் தொண்டை வரைக்கும் சத்தம் வந்துவிட்டது, "அமுக்குடா மணி!" என்று. ஆனால் கண்ணுக்கு முன்னால் பார்த்தால், வந்தவனுக்கும் மணிக்கும் நடுவில் இன்னும் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. என் இடத்திலிருந்து குறுக்கே பார்க்கும்போது இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நிற்பது போலத்தான் எப்போதும் தெரியும். சத்தத்தை விழுங்கினேன்.

அப்போது மணி என்ன செய்தான் தெரியுமா? வருகிறவனை விட்டுவிட்டு, தலையைத் திருப்பி வலது பக்கம் மேசையைப் பார்த்தான். என்னைத் தேடினான். என் சத்தம் வரவில்லையே என்று பார்த்தான். அதற்குள் மலைப் பையன் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவன் வருகிறவன் காலைப் பார்த்து ஆடவில்லை மச்சான். என் சத்தத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக. நான் தூரத்தில் நின்று தப்பான நேரத்தில் கத்த, அந்தத் தப்பான நேரத்தில் அவன் சொன்ன பேச்சுக் கேட்டுப் பாய்ந்திருக்கிறான். அவன் போனதும் பக்கத்தில் நிற்கிறவனும் கூடப் பாய்வான், அவனும் போவான். அப்புறம் மிச்சம் நிற்கிற இரண்டு மூன்று பேருக்கு நடுவிலிருந்து சக்தி ஏழு பேரை எதிர்த்துப் பாடப் போகவேண்டும். மாட்டாமல் என்ன செய்வான்?

மணி திரும்பி உள்ளே வந்ததும், "நான் இங்கதான் இருக்கறேன், கத்த மாட்டேன், நீ அவன் காலப் பாரு" என்று மெதுவாகச் சொன்னேன். அடுத்து வந்தவனை அவன் விட்டான். அதற்கு அடுத்து வந்தவன் காலைப் போட்டான், திரும்பினான், மணி பிடித்தான். பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

அந்த நேரத்தில்தான் உளுந்தூர்பேட்டையில் நீ சொன்னது முழுசாக என் காதில் விழுந்தது. ஊரே மெச்சுகிற என் ஞாபகம் அதில் பாதியை வைத்துக்கொண்டு பாதியை விட்டிருந்தது. நீ சொன்னது இது: "மாப்ள, நீ கம்முனு கெட. முடியலன்னா மணிய உட்கார வெய்யி." முன்பாதி எனக்கு வேண்டாதது, அதனால் போய்விட்டது. அந்த எட்டு நாளில் ஒரு நாள் நான் டீக்கடைக்கு வந்திருந்தால் நீ மறுபடி சொல்லியிருப்பாயா? இல்லை, நான்தான் வரட்டும் என்று நீயும் இருந்தாயா?

செல்வியிடம் கேட்டேன், "ஒனக்கு இது முன்னாலயே தெரியுமா?" என்று. "அப்பா அன்னிக்கு வூட்டுக்கு வந்து ஒரு வார்த்ததான் மாமா சொன்னாரு. ஒம் மாமன் வாய்தான் எங்க டீமோட ஓட்டைன்னாரு. எனக்கு இன்னா புரியும்? அதான் உங்களையே போய்ப் பாக்கச் சொன்னேன்" என்றாள். இதை எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரட்டும்.

மறுநாள் காலையில் உன் வீட்டுக்குப் போனேன். சக்தி வண்டி கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"இன்னா தாத்தா, விஜியையும் உட்கார வெச்சிட்டீங்களாமே. அப்பால அருளு. இனிமே யாரு, நீங்களே பாடிப் போறீங்களா?"

"தப்பு எம்மேலதான்டா. மைதானத்துக்கு வா" என்றேன்.

"எங்க தாத்தா உயிரோட இருக்கறப்ப சொன்னத அப்பவே கேட்டிருக்கலாமில்ல?"

"நான் உட்கார்ந்துக்கறேன். இனிமே கத்த மாட்டேன். நீ எறங்கு" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் வண்டிச் சக்கரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கத்தாம இருக்க உங்களால முடியாது" என்றான். கோபம் இல்லாமல் சொன்னான். "பாக்கலாம், வர்றேன்" என்றான்.

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. மதியம் மணலில் ஆட்டம். பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் கோட்டைச் சுற்றி நின்றார்கள். மணி முட்டித் துணியை சக்தியிடம் திருப்பிக் கொடுத்தான். ஒன்பது மாசமாக அதைத் துவைத்து வைத்திருக்கிறான், எனக்கே தெரியாது. நான் வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு உன் இடத்தில் போய் நின்றேன். துப்பாமல் கத்த முடியாது, அதற்காகத்தான். இரண்டு தடவை மறந்துபோய் வாயைத் திறந்தேன். வேட்டியெல்லாம் சிவப்பு. பச்சையம்மா அதற்கு என்னைப் பேசியது தனிக்கதை.

வலது பக்கம் மேசையை ஒட்டிச் செல்வி நின்றாள். "பொம்பள அங்க எதுக்கும்மா?" என்று ஒருவன் கேட்டான். "எங்கப்பாவோட ஏற்பாடு இது. ரெண்டு பக்கமும் ஆளு வேணும்" என்றாள். அவன் நகர்ந்துவிட்டான்.

மணி இடது மூலையில் நாலு பேரைப் பிடித்தான். ஒரு தடவைகூட மேசைப் பக்கம் திரும்பவில்லை. சக்தி பாடிப் போனபோது நம் பக்கம் ஆள் இருந்தது, அதனால் அவன் பயமில்லாமல் போனான். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போது மைதானத்துக்குப் பின்னால் செல்வி எதிரே வந்தாள். பீடி இல்லை, நெருப்பு இல்லை. "மாமா, வலது பக்கம் ரெண்டாவது ஆளு தூங்கறான். எதிரி ஆளு கையப் பாக்கறான், காலப் பாக்கல" என்றாள். நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். சொன்ன விதம் அப்படியே நீ.

இரண்டு பாயிண்டில் தோற்றோம். நல்ல சேதி சொல்லத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் ஸ்கோரை மாற்றிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் சக்தியும் மணியும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, அந்த இரண்டு பாயிண்ட் எங்கே போனது என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் கடைசி சீட்டில், நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். இருவர் சொன்னதும் பாதி தப்பு. சொல்லவில்லை.

இப்போது டீக்கடையில் வலது பக்கத்து ஆளை உட்கார வைப்பதா வேண்டாமா என்று பேச்சு ஓடுகிறது. சேகர் மறுபடி என்னைக் கேட்டான். "செல்விய கேளு, அந்தப் பக்கம் பாத்தது அவதான்" என்றேன்.

மாசியில் உன் பேரில் நடக்கிற ஆட்டத்துக்கு வெள்ளிமலைப் பசங்கள் வருகிறார்கள். அவர்களை ஜெயிப்போமா, தெரியாது. அதற்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு இடது மூலையில், நீ நின்ற இடத்தில் நான் நிற்பேன். அங்கே கண்டதைப் பாதி விடாமல் ஞாபகம் வைப்பேன். ஆட்டம் முடிகிறவரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். நீ கேட்ட ஒன்றே ஒன்று அதுதானே மச்சான். கம்முனு கெடக்கறேன்.

உன் தங்கச்சி பச்சையம்மாவைக் கட்டிய,
உன் பேச்சை ஒரு வருஷம் கழித்துக் கேட்ட,
உன் மாப்பிள்ளை
அய்யாக்கண்ணு

(கைநாட்டு. சொன்னபடி எழுதியது, ஏழுமலை மகள் செல்வி.)